பழுப்பு நிறமே பிரமாணமா?

திருவேங்கடம் போன்ற கரிசல் ஊரொன்றில் ஒரு பெண்ணின் மார்பில் கட்டி கண்டு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வரை சென்று சதையெடுத்துப் பார்த்தபின் கைக்கு வரும் ரிப்போர்ட்டில், "ஈ.ஆர். பாசிட்டிவ்" என்றோ "நெகட்டிவ்" என்றோ காணப்படும், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பற்றிய ஒற்றை வரியைச் சுற்றிப் படித்தவர்களிடையேயும் சில தவறான அபிப்பிராயங்கள் ஊன்றிவிட்டன.

நம்பிக்கை: ஏற்பியைத் தேடி ஒட்டுவதற்காகச் சதைத்துண்டின்மீது இடும் ஆன்டிபாடி என்ற புரதம் ஒட்டிப் பழுப்பு நிறம் தோன்றினால், தேடிய ஏற்பி அங்கே இருக்கிறது.

உண்மை: ஆன்டிபாடி எதன்மீதோ ஒட்டியது என்பதற்கு மட்டுமே நிறம் சாட்சி. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் ஆல்பா, பீட்டா என இரண்டு உண்டு. ரிப்போர்ட் பேசுவது ஆல்பாவைப் பற்றி. 1996இல் பீட்டா கண்டறியப்பட்டதிலிருந்து, மார்பகப் புற்றில் அதன் பங்கை வருணித்து ஏராளமான கட்டுரைகள் வெளிவந்தன. 2017இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், பீட்டாவைக் காட்டும் என்று புழங்கிவந்த 13 ஆன்டிபாடிகளைப் பரிசோதித்ததில் ஒன்றே ஒன்றுதான் தேறியது. அந்த ஒன்றைக் கொண்டு பார்த்தபோது விரையிலும் சூலகத்திலும் தென்பட்ட பீட்டா, மார்பகத்தில், நலமுள்ளதாயினும் புற்றுற்றதாயினும், தென்படவேயில்லை. எத்தனை பேருடைய உழைப்பு வேறேதோ புரதத்தின் நிறத்தை வருணிப்பதிலேயே கழிந்ததோ! ஆன்டிபாடி விற்பவரின் விலைப்பட்டியலில் அச்சிட்ட அழகிய படத்தை நம்பி, அந்த ஏற்பியின் ஜீனையே நீக்கிய செல்லிலும் அதே நிறம் தோன்றுகிறதா என்று ஒருமுறையேனும் பார்க்காத சோம்பலுக்குக் கிடைத்த தண்டனை இது என்பேன்.

நம்பிக்கை: நிறம் இல்லையென்றால் ஏற்பியும் இல்லை.

உண்மை: ஆஸ்பத்திரிகளில் வழங்கும் ஆல்பா ஆன்டிபாடிகள் நன்கு சோதிக்கப்பட்டவை, பிழை பெரும்பாலும் சதையைக் கையாண்ட விதத்தில் இருக்கும். சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலின் அதற்குள் மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் ஊறும்; ஆகவே, அகற்றிய மார்பகத்தைக் கீறாமல் அப்படியே சிறு பாட்டிலில் திணித்து, சனிக்கிழமை மாலை வைத்ததைத் திங்களன்று திறந்தால், வெளிப்புறம் பதப்பட்டும் உட்புறம் சிதைந்தும் இருப்பதில் ஆச்சரியமில்லை. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இட வேண்டும், ஊறுவது 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. பிறகு ஃபார்மலின் பிணைத்துவிட்ட புரதங்களை விடுவிக்க, ஸ்லைடைப் பல லேப்களில் பிரஷர் குக்கரில்தான் வேகவைக்கிறார்கள். அதில் சூடு குறைந்தாலும் நிறம் வராது.

தேர்ந்த நிபுணர் முதலில் பார்ப்பது புற்றையன்று, அதன் பக்கத்திலுள்ள சாதாரணப் பால்நாளத்தை. அங்கே அங்கங்கே சில உட்கருக்கள் பழுப்பேறியிருக்க வேண்டும். அதுவும் பழுப்பேறாமல் நீலமாகவே கிடந்தால் "நெகட்டிவ்" என்று எழுதாமல், பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொல்வார்.

நம்பிக்கை: பாசிட்டிவ் என்றால் நோய் முற்றிவிட்டது.

உண்மை: நோய் எவ்வளவு முற்றியது என்பதை அந்தச் சொல் காட்டுவதில்லை. புற்றுச்செல்களில் நூற்றுக்கு ஒன்றின் உட்கரு நிறமேறினாலும் 2010 முதல் அது பாசிட்டிவ்தான். பத்துக்குமேல் ஏறியிருந்தால் டமாக்சிஃபென் போன்ற மலிவான மாத்திரை பலன் தரும் என்று நன்றாகவே நம்பலாம். ரிப்போர்ட்டில் ஐயமிருப்பின், மெழுகில் பதித்த பிளாக்கைக் கேட்டு வாங்கி, வேறொரு லேபில் மறுபடி பார்க்கச் சொல்லலாம். அதற்காக இன்னொரு முறை கத்தி வைக்க வேண்டியதில்லை.