பிழை காட்டும் வழி

நுழையும்முன்

ஏவூர்தி வழிதவறாமல் விண்ணில் செல்வது எவ்வாறு? அதனை ஆராய்வோர் யாவர்? அவ்வழியில் நாமும் நடக்க எவற்றைக் கற்க வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

அணையும் கட்டுப்பாடும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம் முக்கொம்பு. இவ்விரு ஆறுகளுக்கும் இடையே திருவரங்கம் தீவாக அமைந்துள்ளது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் இங்கு மேலணையைக் கட்டினார். நீர்மட்டத்தை அளந்து, வேண்டிய மட்டத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டிற்கேற்ப மதகுக் கதவுகளை ஏற்றி இறக்குவது அணைப் பணியாளர் வழக்கம். அளத்தல், ஒப்பிடல், திருத்தல் ஆகிய இம்மூன்றுமே கட்டுப்பாட்டியலின் அடிப்படை. வேண்டிய நிலைக்கும் உள்ள நிலைக்கும் இடையிலான வேறுபாட்டை அத்துறையினர் 'பிழை' என்பர். அளந்தறிந்த நிலையைக் கொண்டு அடுத்த செயலைத் திருத்துவது 'பின்னூட்டம்' எனப்படும்.

ஏவூர்தியில் இச்செயல் நொடிக்குப் பலமுறை நிகழ்கிறது. சுழல்காட்டிகள் ஊர்தியின் திரும்பலையும், முடுக்கமானிகள் அதன் வேகமாற்றத்தையும் அளக்கின்றன. செல்ல வேண்டிய பாதையைக் கணிப்பது வழிகாட்டுதல்; அதற்கேற்ப ஊர்தியைத் திருப்புவது கட்டுப்பாடு.

தோல்வி தந்த வினாக்கள்

திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியலும் சென்னை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியலும் பயின்ற அப்துல் கலாம், எஸ்.எல்.வி-3 திட்ட இயக்குநராக விளங்கினார். 1979 ஆகஸ்டு 10 அன்று ஏவப்பட்ட அவ்வூர்தி கடலில் வீழ்ந்தது. இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு மூடாமல் நின்றமையால் நைட்ரிக் அமிலம் கசிந்து வெளியேறியது. ஊர்தியைத் திருப்பும் விசை இல்லாது போயிற்று. குறை களையப்பட்டபின், 1980 ஜூலை 18 அன்று ஏவப்பட்ட ரோகிணி செயற்கைக்கோள் புவியைச் சுற்றலாயிற்று.

எஸ்.எல்.வி-3 முன்பே பதிந்த நிரலின்படி சென்றது. அடுத்து வந்த ஏ.எஸ்.எல்.வி., பறக்கும்போதே பாதையைக் கணித்துத் திருத்திக்கொள்ளுமாறு வடிவமைக்கப்பட்டது. அது 1987, 1988 ஆகிய ஆண்டுகளில் தோல்வியுற்றது. அதன்பின் பேராசிரியர் ரொத்தம் நரசிம்மா தலைமையிலான வல்லுநர் குழுவும் காரணங்களை ஆராய்ந்தது. நிலைப்புத்தன்மைக்காக இறகுத்தகடுகள் சேர்க்கப்பட்டன. 1992இல் வெற்றி கிட்டியது. ஏவுதளத்தில் எழுந்த சிக்கல், கல்விக்கூடத்தின் ஆய்வு வினாவாயிற்று.

ஆய்வுக்கான வழி

இத்துறைக்கு வானூர்திப் பொறியியல் மட்டுமே வாயில் என்பதில்லை. மின்னியல், கருவியியல் பயின்றோரும் இதில் நுழையலாம். திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் கருவியியல் மற்றும் கட்டுப்பாட்டுப் பொறியியலுக்கெனத் தனித்துறை உள்ளது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சென்னை ஐ.ஐ.டி. முதலியவற்றில் முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெறலாம். கணிதப் பாடத்தில் இவ்வாண்டு இடம்பெறும் அணிகளும் வெக்டர்களுமே அங்கும் அன்றாடக் கருவிகள். ஒரு வினாவுக்கு விடை காணப் பல ஆண்டுகள் ஆகலாம். பிழையை மறைக்காமல் அளந்து பார்க்கும் நேர்மையும், அளந்ததைத் திருத்தும் பொறுமையும் உடையோர்க்கு இத்துறை காத்திருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. அன்றாட வாழ்வில் பின்னூட்டம் செயற்படும் இரு நிகழ்வுகளை எழுதுக.
2. எஸ்.எல்.வி-3, ஏ.எஸ்.எல்.வி. ஆகியவற்றின் வழிகாட்டு முறைகளை ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.