நெருக்கத்திலே ஒரு விசாலம்

(வேத பாடம்)

வாசிக்க வேண்டிய பகுதிகள்: ஆதியாகமம் 26:17–22, சங்கீதம் 4:1, சங்கீதம் 81:10, 2 கொரிந்தியர் 6:11–13



உங்கள் காணிக்கைகளாலும் ஜெபங்களாலும் தாங்கப்படும் நம் மருத்துவமனையின் பல் பிரிவுக்குச் சென்ற ஆண்டு ஒரு தாயார் தமது பத்து வயது மகளை அழைத்து வந்தார்கள். சிறுமியின் மேல்தாடை மிகவும் ஒடுங்கியிருந்தது. மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உட்புறமாகக் கடித்தன. அதனால் வாயை மூடும்போதெல்லாம் கீழ்த்தாடை ஒரு பக்கமாக விலகியது. முளைக்க வேண்டிய பற்களுக்கு இடமில்லை. மருத்துவர் அண்ணத்தை விரிக்கும் ஒரு கருவியைப் பொருத்தினார். அந்தச் சிகிச்சையிலிருந்து நான் கற்ற பாடத்தையே இம்மாதம் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

மருத்துவம் சொல்வது

நம் அண்ணத்தின் எலும்பு ஒரே துண்டு அல்ல. இடமும் வலமுமாக இரு பகுதிகள் நடுவில் ஒரு கோட்டில் சேர்ந்திருக்கின்றன. சிறுபிராயத்தில் அந்த இணைப்பு இறுகாதிருக்கும். பதின்வயது முடியும் நாட்களில் பலருக்கு அது இறுகத் தொடங்கும். ஆகையால் காலம் தவறாமல் செய்வதே இதில் முக்கியம்.

கருவியின் நடுவே ஒரு திருகு உண்டு. சிறு சாவியை அதன் துளையில் செருகி, வீட்டிலேயே பெற்றோர் திருப்புகிறார்கள். ஒரு முறை திருப்புவது கால் சுற்று. பெரும்பாலான கருவிகளில் அதனால் உண்டாகும் விரிவு சுமார் 0.25 மில்லிமீட்டர். நாளொன்றுக்கு இரண்டு முறை என்றால் அரை மில்லிமீட்டர். இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். எலும்பு உடைக்கப்படுவதில்லை, இணைப்பு மெல்ல விலக, அந்த இடைவெளியில் புது எலும்பு வளருகிறது.

1860-ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் பல் மருத்துவர் எமர்சன் ஏஞ்செல் என்பவர், ஒரு சிறுமிக்கு இவ்விதம் திருகு பொருத்தி, இரண்டு வாரத்தில் கால் அங்குலம் விரித்ததாக எழுதினார். அக்காலத்தார் பலர் நம்பவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதோ 1895-இல்தான். முன்பற்களுக்கு நடுவே தோன்றிய இடைவெளியே அவர் காட்டக்கூடிய சாட்சி. நூறாண்டுகளுக்குப் பின், 1961-இல், ஆண்ட்ரூ ஹாஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் ஆய்வுக்குப் பிறகே இம்முறை பரவலாயிற்று.

வேதம் சொல்வது

எபிரெய மொழியில் 'ராஹப்' என்றொரு வினைச்சொல் உண்டு. அகலமாக்குதல், இடமுண்டாக்குதல் என்பது பொருள். எரிகோவில் வேவுகாரருக்கு இடங்கொடுத்த ராகாபின் பெயரும் இந்த வேரைச் சேர்ந்ததே. ஈசாக்கின் வேலைக்காரர் தோண்டிய முதல் இரண்டு துரவுகளுக்காகக் கேராரூர் மேய்ப்பர் வாக்குவாதம் பண்ணினார்கள். அவன் சண்டையிடாமல் அப்பால் போய் மூன்றாவதைத் தோண்டினான். அதற்கு ரெகொபோத் என்று பேரிட்டான். கர்த்தர் இடமுண்டாக்கினார் என்று அறிக்கையிட்டான். நான்காம் சங்கீதத்தில் தாவீது, ஒடுங்கிய நிலையிலிருந்த தன்னைத் தேவன் விசாலத்தில் நிறுத்தியதை நினைவுகூருகிறான். அங்கும் அதே சொல்தான். எண்பத்தோராம் சங்கீதத்தில் வாயை அகலமாய்த் திறக்கும்படி கர்த்தர் தம் ஜனத்துக்குச் சொல்லி, அதை நிரப்புவதாக வாக்களிக்கிறார். அங்கும் அதே சொல்! தேவன் நிரப்புவதற்கு முன் இடமுண்டாக்குகிறார்.

மூன்று பாடங்கள்

1. கால் சுற்று போதும். ஒரே நாளில் முழுவதும் திருப்ப அந்தத் தாயாருக்கு அனுமதியில்லை. ஒரு வேளை மறந்தாலும், மறுவேளை சேர்த்துத் திருப்பாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஈசாக்கும் மூன்று முறை தோண்டினான். நம் விசுவாச வாழ்க்கையிலும் அன்றன்றைக்குரிய சிறு கீழ்ப்படிதலையே கர்த்தர் கேட்கிறார்.

2. இடைவெளியைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆறாம் நாள் காலையில் அந்தத் தாயார் என் அறைக்கு ஓடி வந்தார்கள். "ஐயா, முன்பல் ரெண்டும் விலகிப் போச்சு. என் கையாலேயே பிள்ளை முகத்தைக் கெடுத்துட்டேன். இனிமே சாவியைத் தொடமாட்டேன்" என்று அழுதார்கள். நான் அவர்களை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் சிறுமியின் வாயைப் பார்த்துவிட்டு, "அம்மா, நாங்கள் எதிர்பார்த்திருந்தது இதைத்தான். அண்ணம் விலகுகிறது என்பதற்கு இதுவே அடையாளம். கொஞ்ச நாளில் பல் தானாகச் சேர்ந்துவிடும்" என்றார். அப்படியே ஆயிற்று. கெட்டுப்போனதாக நாம் நினைத்து அழுகிற சில காரியங்கள், தேவன் இடமுண்டாக்குகிற அடையாளங்களாயிருக்கலாம்.

3. விரித்ததைப் பிடித்து நிறுத்த வேண்டும். திருப்புவது இரண்டு வாரம். ஆனால் புது எலும்பு உறுதிப்படும்வரை, மூன்று முதல் ஆறு மாதம், கருவி அசையாமல் இருக்க வேண்டும். சீக்கிரம் கழற்றினால் தாடை மறுபடி ஒடுங்கும். ஒருநாள் எழுப்புதல் கூட்டத்தில் விரிந்த இருதயம், தினசரி ஜெபமில்லாவிட்டால் பழைய அளவுக்கே திரும்பும் என்பதை நாம் அறிவோம்.

என் அறிக்கை

ஒரு தவறையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு தாயார், இதேபோன்ற வாயுள்ள தம் மகனைப் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டார்கள். "கிளிப் போடுவதெல்லாம் அழகுக்காக, அம்மா. பணமில்லையென்றால் விட்டுவிடுங்கள்" என்றேன். மருத்துவரைக் கேளாமல் சொன்னேன். அவன் பத்தொன்பது வயதில் திரும்பி வந்தபோது அண்ணத்தின் இணைப்பு இறுகியிருந்தது. சில இளைஞருக்கு எலும்பிலேயே சிறு திருகாணிகளைப் பதித்து இன்று விரிக்க முடிகிறது. அவனுக்கு அது இயலாது, அறுவை சிகிச்சையே வழி என்றார்கள். அதற்காக அவன் இன்னும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தான். காலமோ திரும்பவில்லை.

ஆகவே பிரியமானவர்களே, பவுல் கொரிந்து சபையாரை இருதயத்தில் விரிவடையும்படி கேட்டதுபோல நானும் உங்களைக் கேட்கிறேன். கருவிக்கான செலவு ஒருமுறைதான். ஆனால் மாதந்தோறும் வந்துபோகும் பஸ் கட்டணமும், வேலைக்குப் போகாத நாளின் கூலியுமே பல பிள்ளைகளைப் பாதியில் நிறுத்திவிடுகின்றன. பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்து, எலும்பு ஒட்டுச் சிகிச்சைக்கு முன் தாடையை விரிக்க வேண்டிய பிள்ளைகளுக்கோ இன்னும் பல ஆண்டுப் பயணம் உண்டு. உங்கள் சிறு மாதக் காணிக்கை அந்தக் கால் சுற்றைப் போன்றது.

சிந்திக்க

1. என் வாழ்வில் எந்த நெருக்கத்தில் தேவன் எனக்கு இடமுண்டாக்கினார்?
2. பயந்து பாதியில் நிறுத்திய கீழ்ப்படிதல் ஏதேனும் உண்டா?
3. தெரியாத காரியத்தில் தெரிந்தவர்போல் ஆலோசனை சொன்னேனா?

ஜெபம்

இடமுண்டாக்குகிற கர்த்தாவே, எங்கள் ஒடுங்கிய இருதயங்களை விரிவாக்கும். சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்கும், சாவி பிடிக்கும் பெற்றோரின் கைகளுக்கும் பொறுமையைத் தாரும். நீர் விரித்ததை நாங்கள் காத்துக்கொள்ளக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.