லைக் உலைக்கு ஆகுமா?

கேள்வி: மூன்று வருடமாகச் சமையல் வலைப்பூ எழுதுகிறேன். இன்ஸ்டாகிராமில் ஆறாயிரம் பேர் தொடர்கிறார்கள். போன மாதம் உள்ளித் தீயல் ரீலை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ஆனால் அன்றைக்கு வலைப்பூவுக்கு வந்தது பதினோரு பேர். எங்கே தப்பு நடக்கிறது?
வாசகி, கருங்கல்

பதில்: ரீலைப் பார்த்தேன். உள்ளி உரிப்பதிலிருந்து கடைசியில் கறிவேப்பிலை கிள்ளிப் போடுவது வரை, அளவு உட்பட எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட்டீர்கள். பந்தியிலேயே வயிறு நிறைந்தவன் கையைக் கழுவிவிட்டுப் போவானே தவிர, அடுக்களையை எட்டிப் பார்க்க வரமாட்டான்.

ரீலில் தேங்காய் வறுபடும் நிறத்தை மட்டும் காட்டுங்கள். எந்த நிறத்தில் அடுப்பை அணைக்க வேண்டும், ஒரு நிமிடம் தாண்டினால் ஏன் கசக்கும் என்பதைச் சொல்லுங்கள். எத்தனை மிளகாய், எவ்வளவு மல்லி, எவ்வளவு புளி என்பதெல்லாம் வலைப்பூவில் இருக்கட்டும். இன்னொன்று: படத்துக்குக் கீழே எழுதுகிற குறிப்பில் இணைப்பைப் போட்டிருக்கிறீர்கள். இன்ஸ்டாகிராமில் அது வெறும் எழுத்துதான், தட்டினால் திறக்காது. முகப்புக் குறிப்பில் ஐந்து இணைப்புகள் வரை வைக்கலாம், ஸ்டோரியில் இணைப்பு ஸ்டிக்கர் ஒட்டலாம். வாசல் இந்த இரண்டுதான். நீங்கள் சுவரில் கதவு வரைந்துவிட்டு யாரும் வரவில்லை என்கிறீர்கள்.

அதோடு பின்டரெஸ்டுக்கும் போங்கள். நம் ஊரில் அதைக் கோலமும் பிளவுஸ் டிசைனும் பார்க்கிற இடமென்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது படத்தால் தேடுகிற இடம். இன்ஸ்டாகிராமில் போட்டது சாளை மாதிரி, இரண்டு நாளில் முடிந்தது. பின்டரெஸ்டில் போட்டது கருவாடு. மாதக்கணக்கில் கிடக்கும், தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்வார். என் வலைப்பூவுக்கு இன்றைக்கும் ஆள் கொண்டுவருகிற படங்களில் பாதி, நான் போட்டதையே மறந்துபோன படங்கள்.

படம் நெட்டுக்குத்தாக இருக்கட்டும்: அகலம் 1000 என்றால் உயரம் 1500 புள்ளிகள். ஒரு பதிவுக்கு ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போடாமல் மூன்று வேறு படங்கள் போடுங்கள். தலைப்பில் ‘தீயல்’ என்று தமிழிலும் எழுதுங்கள், அதையே ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். வளைகுடாவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற நம் ஊர்ப் பையன் ராத்திரி எட்டு மணிக்குத் தேடுவது அந்த எழுத்தில்தான். ஓணத்துக்கான சக்கப் பிரதமனை ஓணத்தன்று போடாதீர்கள். ஒன்றரை, இரண்டு மாதம் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். தோவாளைச் சந்தைக்கு ஓணத்துக்குப் பூ கொண்டுவருகிறவர் வாடாமல்லியையும் கேந்தியையும் எந்த மாதம் நட்டார் என்று கேட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

கேள்வி: எத்தனை ஃபாலோயர் சேர்ந்தால் மாதம் எவ்வளவு வரும்?
வாசகர், நாகர்கோவில்

பதில்: வடசேரிச் சந்தைக்குள் எத்தனை பேர் நடந்தால் ஒரு குலை ஏத்தன் விற்கும்?

கேள்வி: காசு கொடுத்து ஃபாலோயர் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
வாசகர், குலசேகரம்

பதில்: வேண்டாம்.

கேள்வி: எனக்கு எழுத்து நன்றாக வரும், போட்டோ எடுக்க வராது. கூகுளில் தேடி நல்ல படமாக எடுத்துப் போடுகிறேன். யாரும் இதுவரை கேட்டதில்லை. உரிமைப் பிரச்சினை இல்லாத படங்கள் இலவசமாக எங்கே கிடைக்கும்?
வாசகி, தக்கலை

பதில்: உட்காருங்கள். இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

இலவசப் படம் கிடைக்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் போய் மீன் கறி என்று தேடுங்கள். வங்காளத்துக் கடுகு மீன் வரும், கோவா கறி வரும், தாய்லாந்து சூப்பு கூட வரும். நம் புளிமுளம் வராது. நீங்கள் ‘எங்க அம்மாச்சி வைக்கும் அயிலைப் புளிமுளம்’ என்று தலைப்புப் போட்டு, மேலே கொத்தமல்லித்தழை தூவிய ஏதோ ஒரு கறியை வைத்திருக்கிறீர்கள். குளச்சலில் பிறந்த ஒருத்தி அந்தப் படத்தைப் பார்த்த கணமே, இவள் புளிமுளம் வைத்ததே இல்லை என்று முடிவுகட்டிவிடுவாள். எழுத்து எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அதற்கப்புறம் வாசிக்க மாட்டாள். படம் பொய் சொன்னால் அளவும் பொய்யாகத்தான் இருக்கும் என்று நினைப்பாள். அப்படி நினைப்பதில் என்ன தப்பு?

யாரும் கேட்டதில்லை என்கிறீர்கள். நான் எடுத்த புளிமுளம் படம் ஒன்று ஒரு ஓட்டலின் மெனு அட்டையில் அச்சாகி இருந்ததை, அந்த ஓட்டலில் உட்கார்ந்து அட்டையைப் புரட்டும்போதுதான் பார்த்தேன். என் வீட்டு மண்சட்டி, விளிம்பில் அரை விரல் அகலம் உடைந்த அதே சட்டி. கேட்டதற்கு, ‘நெட்ல கெடந்துச்சு’ என்றார்கள். தெருவில் கிடந்த மாதிரி. அன்றைக்கு அவர்கள் கொண்டுவந்து வைத்த கறியில் தேங்காய் சரியாக அரைபடவே இல்லை. அது வேறு கதை.

போட்டோ எடுக்க வராது என்று யாரும் சொல்லாதீர்கள். கேமராவும் வேண்டாம், கையிலிருக்கும் போன் போதும். அடுக்களையில் கிழக்குச் சன்னல் இருந்தால் காலை ஒன்பது மணி, மேற்கே இருந்தால் மாலை நான்கு. டியூப்லைட்டை அணையுங்கள். அதுதான் பாதி வேலை, அதைத்தான் யாரும் செய்வதில்லை. சன்னலில் பழைய மல் வேட்டி ஒன்றை ஒற்றையாகத் தொங்கவிடுங்கள், வெயில் பதமாகிவிடும். சட்டிக்கு இந்தப் பக்கம் வெள்ளைத் தெர்மகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் மட்டுப்படும். எவர்சில்வர் பாத்திரம் வைத்தால் அதில் உங்கள் முகமும் நைட்டியும் தெரியும், மண்சட்டியோ இலையோ வையுங்கள். தாளித்துக் கொட்டியதும் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் போனால் தேங்காய் அரைத்த குழம்பின்மேல் ஏடு படிந்து பளபளப்பு போய்விடும், கறிவேப்பிலை கறுத்துவிடும். லென்ஸைச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடையுங்கள். அடுக்களையில் கிடக்கும் போனில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்காது.

இலையைப் பற்றி ஒன்று. நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சில போன்களில் முன்பக்கக் கேமராவால் எடுத்தால் படம் இடம் வலமாக மாறிவிடும். எனக்கு ஒருமுறை அப்படி ஆகி, நுனி வலப்பக்கம் போய், நாஞ்சில் நாடு முழுக்க வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனது. திட்ட வந்த கூட்டத்தில் பாதிப்பேர் பதிவையும் வாசித்தார்கள், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

எடுத்த படத்துக்குப் போன் கொடுத்த எண்ணை அப்படியே விடாமல் பெயர் வையுங்கள். அது மட்டிப்பழம் என்றால் மட்டி என்றே வையுங்கள், வெறும் வாழைப்பழம் என்று வேண்டாம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. நம் மாவட்டத்தில் பிள்ளைக்கு முதலில் ஊட்டுகிற பழம். தேடுகிறவருக்கு அந்தப் பெயர்தான் வேண்டும்.

கேள்வி: படத்தின்மேல் தமிழில் எழுதினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகச் சிதறுகிறது. என்ன செய்ய?
வாசகர், மார்த்தாண்டம்

பதில்: அச்சகத்தில் போஸ்டர் அடிக்கிற பழைய எழுத்துருவை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறீர்கள் போல. யூனிகோடு எழுத்துரு ஏதாவது ஒன்றுக்கு மாறுங்கள். அப்படியும் சிதறினால் செயலியை மாற்றுங்கள். நான்கு சொல்லுக்குமேல் படத்தில் எழுதாதீர்கள். பஸ்ஸில் போகிறவர் சினிமா போஸ்டர் வாசிக்கிற நேரம்தான் உங்களுக்கும் கிடைக்கும்.

கேள்வி: கன்னியாகுமரி சுற்றுலா பற்றி எழுதுகிறேன். சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை என்று அருமையான படங்கள். லைக் வருகிறது, வருமானம் வரவில்லை.
வாசகர், கொட்டாரம்

பதில்: முக்கடல் கூடும் இடத்தில் காலை ஆறு மணிக்கு நில்லுங்கள். சூரியனைவிட அதிகமாகப் போன்தான் எழும்பும். பாறைக்கும் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்த கண்ணாடிப் பாலம் 77 மீட்டர்தான் நீளம், அதில் எடுத்த படங்களை வரிசையாக ஒட்டினால் காசிக்குப் பாலம் போட்டுவிடலாம். உங்கள் படமும் அதில் ஒன்று. அழகு குறையவில்லை, ஆனால் பார்த்தவருக்கு அதை வைத்து ஒரு வேலையும் நடக்காது.

ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு வரப்போகிற குடும்பஸ்தனை நினைத்துப் படம் செய்யுங்கள். பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை, திங்கட்கிழமை விடுமுறை. இந்த மூன்றாவது தகவலை வாசலில் வந்து நின்றபிறகு தெரிந்துகொள்கிறவர்கள் வாரம்தோறும் இருக்கிறார்கள். அதை ஒரு படத்தில் போடுங்கள். மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு, சிதறால் மூன்றையும் ஒரே நாளில் எந்த வரிசையில் பார்ப்பது என்று கையால் வரைந்த படம் ஒன்று போடுங்கள். சிதறாலில் வயதானவர்கள் ஏற முடியுமா, வழியில் நிழல் உண்டா, விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுக்கு எந்த நேரத்தில் வரிசை குறையும் என்று போய்ப் பார்த்து எழுதுங்கள். இந்தப் படங்களுக்கு லைக் குறைவாகத்தான் வரும். ஆனால் ‘சேமி’ பொத்தானை அழுத்துவார்கள், பயணத்துக்கு முந்தின வாரம் திரும்ப வருவார்கள், அறை தேடுவார்கள், உங்கள் இணைப்பு வழியாகவே பதிவு செய்வார்கள். காசு அங்கேதான் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று சூரியன் விழுவதையும் நிலா எழுவதையும் இங்கே ஒரே மாலையில் பார்க்கலாம். அந்தப் படத்தைப் பங்குனியிலேயே போட்டிருக்க வேண்டும்.

கேள்வி: ஆட்சென்ஸ் கிடைத்தது. நண்பர்கள் உதவிக்கு விளம்பரங்களை அழுத்திக் கொடுத்தார்கள். கணக்கை முடக்கிவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா?
வாசகர், இரணியல்

பதில்: இல்லை. உங்கள் கடையில் உங்கள் மச்சானே பொருள் வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்த கதை இது. காசு கொடுப்பது விளம்பரம் போட்ட கம்பெனி. கூகுள் தமிழ்ப் பக்கங்களுக்கு ஆட்சென்ஸ் கொடுக்க ஆரம்பித்ததே 2018 பிப்ரவரியில்தான். அதுவரை தமிழில் எழுதியவர்கள் சும்மாவேதான் எழுதினார்கள். 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும், தமிழ்ப் பக்கத்தில் அது மெதுவாகத்தான் சேரும். மேல்முறையீடு செய்யுங்கள். நடந்ததை மறைக்காமல் எழுதுங்கள். நண்பர்களிடம் பதிவை வாசிக்கச் சொல்லுங்கள், அது போதும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது அறுபத்திரண்டு. முந்திரிக்கொத்து, அச்சப்பம் போன்ற பலகாரங்களைப் பற்றி எழுத ஆசை. பிள்ளைகள், ‘ஸ்டுடியோ, லைட் எல்லாம் வேணும், உங்களால முடியாது’ என்கிறார்கள்.
வாசகி, பூதப்பாண்டி

பதில்: டீச்சர், பிள்ளைகள் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-இல் வில்லேஜ் குக்கிங் சேனல் ஆரம்பித்தார்கள். வயலில், பகல் வெளிச்சத்தில், விறகடுப்பில் சமைத்தார்கள். 2021-இல் யூடியூபில் ஒரு கோடி சந்தாதாரர்கள். அவர்களுக்கு ஸ்டுடியோ லைட் சூரியன்தான். அவ்வளவு பேர் உங்களுக்கு வேண்டியதில்லை. சிறுபயறு உருண்டைகளை மூன்று மூன்றாகச் சேர்த்து மாவில் முக்கி எண்ணெயில் விடும் அந்த ஒரு கணத்தை, பேத்தியிடம் போனைக் கொடுத்துப் பத்து விநாடி எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் முகம் வேண்டாம், கை போதும். முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய கை அது. முதல் வீடியோ ஆனதும் எனக்கு அனுப்புங்கள்.

கேள்வி: ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாள் இலவசமாகத் தங்கி ரீல் போடச் சொல்கிறார்கள். விளம்பரம் என்று சொல்ல வேண்டாம் என்கிறார்கள்.
வாசகி, நாகர்கோவில்

பதில்: அப்படியானால் போக வேண்டாம். விளம்பரத் தர மன்றம் 2021-லேயே விதி போட்டுவிட்டது. இலவச அறையும் கூலிதான், அதைச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வருடத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல் இப்படிப் பொருளாகவோ சலுகையாகவோ வாங்கினால் பத்து சதவீத வரிப்பிடித்தமும் 2022 ஜூலையிலிருந்து உண்டு. ரிசார்ட்காரருக்கு இதெல்லாம் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறார்.

கேள்வி: படமே இல்லாமல் எழுத்தை மட்டும் வைத்து வாசகர்களைச் சேர்க்க முடியாதா?
வாசகர், பார்வதிபுரம்

பதில்: முடியும். உங்கள் ஊரிலேயே ஜெயமோகன் பல வருடமாகத் தன் தளத்தில் நாள்தோறும் எழுதுகிறார். அவர் ரீல் போட்டா ஆள் சேர்த்தார்? நீங்களும் நாள் தவறாமல் அப்படி எழுதுவதானால் போனைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: பின்டரெஸ்ட், இன்ஸ்டாகிராமில் நன்றாகப் போகும்போது வலைப்பூ எதற்கு? மூடிவிடலாமா?
வாசகர், திங்கள்நகர்

பதில்: 2020 ஜூன் 29 ராத்திரி டிக்டாக்கில் லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள் தூங்கப் போனார்கள். விடிந்தபோது தடை அமலில் இருந்தது. இன்ஸ்டாகிராம் பாட்டத்துக்கு எடுத்த வயல். நன்றாக விளைந்தால் அறுத்துக்கொள்ளுங்கள், வரப்பில் வீடு கட்டாதீர்கள்.

கேள்வி: சுசீந்திரம் கோயில் இசைத்தூண்களைத் தட்டி ரீல் எடுக்கலாமா?
வாசகர், தேரூர்

பதில்: கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை போடச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. போனை வெளியே கொடுத்துவிட்டு, உள்ளே போய்த் தாணுமாலயனைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி அனுப்புகிறவர்களுக்கு: ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பாமல் வலைப்பூ முகவரியையும் சேர்த்து அனுப்புங்கள். இந்த மாதம் வந்தவற்றில் பாதிக்குமேல் முகவரி இல்லாதவை. அவற்றுக்குப் பதில் எழுதவில்லை.