வெள்ளாட்டுக் கொம்பு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்வோர், இடையே மரக்காணத்து உப்பளங்களைக் காண்பர். பாத்தி பாத்தியாக உவர்நீர் தேங்கி நிற்கும். வரப்புகளின்மேல் உப்பு வெண்குன்றுகளைப் போலக் குவிந்து கிடக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உப்பு விளையாது. கூலி வேலை நின்றுபோகும் அம்மாதங்களில், வீட்டில் இரண்டொரு வெள்ளாடு இருப்பின் அதுவே ஏழைத் தொழிலாளிக்குப் பெருந்துணையாகும். நெல்லும் கேழ்வரகும் முளைக்கத் தயங்கும் உவர் நிலத்தில் சீமைக் கருவேல் புதர் புதராக மண்டி நிற்கிறது. அதன் காய்களை வெள்ளாடு விரும்பித் தின்னும். பின்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து நின்று, முள்ளுக்கு அஞ்சாமல் தழையைப் பறிக்கும் அதன் திறமை வியப்பிற்குரியது.

இவ்வாறு திறந்த வெளியில் மேயும் ஆட்டிற்குக் கொம்பு ஒரு குறையன்று. நாய் துரத்தினால் எதிர்த்து நிற்க அது பயன்படும். வெயிற்காலத்தில் உடலின் வெப்பத்தை வெளியேற்றவும் கொம்பு உதவக்கூடும் என்று 1966ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டியது. ஆனால், கொட்டிலிலோ பரண்மேலோ பல ஆடுகளை நெருக்கமாக அடைத்து வளர்க்கும்பொழுது நிலைமை மாறிவிடுகிறது. தீவனத் தொட்டியருகே ஒன்றையொன்று முட்டும். சினையாட்டின் வயிற்றில் முட்டினால் கரு கலைந்துவிடுதலும் உண்டு. கம்பி வலையில் கொம்பு சிக்கிக்கொண்டு ஆடு மாண்டுபோதலும் உண்டு. ஆதலின், பால் வெள்ளாடுகளைப் பெருந்தொகையாக வளர்க்கும் நாடுகளில் குட்டிப் பருவத்திலேயே கொம்பு முளையாமல் தடுத்துவிடுகின்றனர்.

ஏன் குட்டிப் பருவத்தில் செய்ய வேண்டும்? பிறந்த குட்டியின் உச்சியைத் தடவிப் பாருங்கள். இரண்டு இடங்களில் மயிர் சுழித்திருக்கும். அச்சுழியின் கீழிருப்பதே கொம்புக் குருத்து. முதலில் அது தோலைச் சார்ந்தே இருக்கும். நாளடைவில் மண்டையோட்டுடன் ஒன்றிவிடும். கொம்பின் புறத்தே நாம் காண்பது நகத்தை ஒத்த பொருள். அகத்தே இருப்பதோ குருதிக் குழாய்கள் ஓடும் எலும்பு. வளர்ந்த கொம்பின் உட்புழை மண்டையிலுள்ள காற்றறையுடன் தொடர்புடையது. எனவே, முற்றிய கொம்பை அறுப்பதை மரக்கிளையைத் தறிப்பதற்கு ஒப்பிடலாகாது. குருதி பெருகும்; திறந்த காற்றறையில் சீழ் கட்டும்.

குருத்தைச் சுட்டு அழிப்பதே பெரும்பான்மையோர் கையாளும் முறை. பிறந்த இரண்டு வாரங்களுக்குள், பழுக்கக் காய்ந்த சூட்டுக்கோலைச் சில விநாடிகள் மட்டும் குருத்தின்மேல் வைத்து எடுப்பர். கன்றுக்குட்டிக்குச் செய்வதுபோல் ஆட்டுக்குட்டிக்குச் செய்துவிட முடியாது. ஆட்டுக்குட்டியின் மண்டையோடு மெல்லியது. சூடு சற்று மிகுந்தாலும் மூளை வெந்து குட்டி இறந்துவிடும். குறைந்தாலோ கோணல்மாணலாகக் குறைக்கொம்பு முளைக்கும். மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் கொடுப்பதிலும் இவ்வருமை உண்டு. வெள்ளாட்டின் ஒவ்வொரு கொம்பிற்கும் இரண்டு நரம்புகள் உணர்ச்சி தருகின்றன. இரண்டையும் மரக்கச் செய்தல் வேண்டும். குட்டியின் உடலோ சிறியது. மருந்து அளவு கடந்தால் அதுவே நஞ்சாகும். இப்பணி கால்நடை மருத்துவருக்கே உரியது என்பதில் ஐயமில்லை.

சூட்டுக்கோலைக் கண்டு மனம் பொறாதவர்கள் வேறு வழிகளைத் தேடினர். அவற்றுள் பழமையானது காரப்பசை. உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடா என்னும் கடுங்காரத்தை உண்டாக்குகின்றனர். உணவுக்குச் சுவை தரும் உப்பிலிருந்து தசையை அரிக்கும் பொருள் பிறப்பது விந்தையன்றோ? இக்காரமோ, இதன் இனமாகிய காஸ்டிக் பொட்டாஷோ பசையில் கலக்கப்படும். குருத்தின்மேலுள்ள மயிரைக் கத்தரித்து, சுற்றிலும் வாஸ்லினைத் தடவி, நடுவில் பசையை இடுவர். நெருப்பு இல்லை, புகை இல்லை, குட்டியும் உடனே அலறுவதில்லை. ஆயினும் காரத்திற்கு ஒரு குணம் உண்டு. மரக்காணத்து உப்பு கடற்காற்றில் கசிவதைக் கண்டவர்களுக்கு அது எளிதில் விளங்கும். காரமும் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து நீராய் இளகும். இளகியது கண்ணில் வழிந்தால் பார்வை போகும். பால் குடிக்கும்பொழுது தாயின் மடியில் பட்டால் மடி புண்ணாகும். மழைக்காலத்துக் கடற்கரையில் இம்முறை எத்துணை ஏற்றது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

திரவ நைட்ரஜனால் குருத்தை உறையச் செய்தல் மற்றொரு வழி. கிராம்பு எண்ணெயைக் குருத்தினுள் ஊசியால் ஏற்றுதல் இன்னொன்று. பல்வலிக்கு நாம் பஞ்சில் நனைத்து வைக்கும் அதே எண்ணெய்தான்! குருத்தின் உயிரணுக்களை அது கொன்றுவிடுகிறது என ஈரான் நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டனர். இவ்வழிகளை எல்லாம் நியூசிலாந்தில் ஒப்பிட்டுப் பார்த்தபொழுது எதிர்பாராத உண்மை வெளிப்பட்டது. காரப்பசையும் உறைய வைத்தலும் சூட்டுக்கோலைவிடக் குட்டிகளுக்கு மிகுதியான நோவைத் தந்தன. அம்முடிவுகள் 2018இல் வெளிவந்தன. கிராம்பு எண்ணெயின் நோவு சூட்டுக்கோலின் நோவை ஒத்திருந்தது. பிற்பட்ட சோதனைகளில் அது கொம்பை எப்பொழுதும் தடுக்கவும் இல்லை. பார்ப்பவருக்கு மென்மையாகத் தோன்றுவது படுபவருக்கும் மென்மையாக இருக்கும் என்பதற்கு உறுதி ஏது?

அப்படியானால், கொம்பில்லாத ஆடுகளையே இனப்பெருக்கம் செய்தால் என்ன? நம் நாட்டு மேச்சேரிச் செம்மறியில் கிடாவுக்கும் கொம்பில்லை, பெட்டைக்கும் இல்லை. சென்னைச் சிவப்புச் செம்மறியில் பெட்டைக்குக் கொம்பில்லை. மாடுகளிலும் கொம்பில்லாத இனங்கள் நலமாகவே வாழ்கின்றன. வெள்ளாட்டில் மட்டும் இயற்கை ஒரு முடிச்சை இட்டு வைத்திருக்கிறது. தாய், தந்தை இரண்டும் கொம்பில்லாதவையாயின், பெட்டையாகப் பிறக்க வேண்டிய குட்டிகளுள் சில, ஆணும் பெண்ணுமல்லாத மலடாகப் பிறக்கும். இவ்விரண்டு குணங்களும் தொடர்புடையவை என்பதை 1944இல் அமெரிக்க அறிஞர் ஆஸ்டெல் எடுத்துக்காட்டினார். மரபுப் பொருளில் ஏறத்தாழப் பதினோராயிரத்து எழுநூறு எழுத்துகள் விடுபட்டிருப்பதே காரணம் எனப் பிரெஞ்சு அறிஞர்கள் 2001இல் கண்டறிந்தனர். எனவே, கொம்பில்லாத கிடாவைக் கொம்புள்ள பெட்டையோடு சேர்ப்பதே வழக்கம். அவ்வாறு சேர்க்கும்பொழுது குட்டிகளில் ஒரு பகுதி கொம்புடனேயே பிறக்கும்.

இனி எஞ்சியிருப்பது கொம்பை விட்டுவிட்டுக் கொட்டிலைத் திருத்துவது. எல்லா ஆடுகளும் ஒரே நேரத்தில் தின்னும்படி தொட்டியை நீளமாக அமைக்கலாம். முட்டும் ஆட்டையும் சினையாட்டையும் தனித்தனியே அடைக்கலாம். வேலியின் கண்கள் தலை நுழையாத அளவு சிறியனவாகவோ, கொம்போடு தலை எளிதில் மீளும் அளவு பெரியனவாகவோ இருத்தல் வேண்டும். இடைப்பட்ட அளவே உயிரை வாங்கும். கொம்பின் கூர்நுனி மட்டும் தீங்கு செய்யுமாயின், உயிரற்ற அந்நுனியைக் குருதி காணாதபடி அரத்தால் தேய்த்து மழுக்கிவிடலாம். உப்பள வரப்போரம் மேயும் இரண்டொரு ஆட்டிற்கு இதற்குமேல் ஒன்றும் தேவைப்படுவதில்லை. பரண் அமைத்து ஐம்பது, நூறு என வளர்க்க முனைவோர், குட்டி பிறந்த வாரத்திலேயே மருத்துவரை அழைத்துச் சுழியைக் காட்டுதல் நன்று. நாள் தவறினால் குருத்து மண்டையோடு ஒன்றத் தொடங்கிவிடும்.