டிசம்பர் மழை யாருக்கு?

"டிசம்பர் வெள்ளமா? அது கிளந்தான்காரங்க கவலை" என்று எங்கள் வீட்டில் சொல்வோம். நாங்கள் இருப்பது ஷா ஆலமில்.

சொன்னதில் பாதி உண்மைதான். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளி வருகிறது. கிளந்தான், திரெங்கானு, பகாங் முதலில் நனையும். அங்கேயும் தினமும் கொட்டாது. சில நாள் அடித்துப் பெய்யும், பிறகு ஓயும். தித்திவங்சா மலைத்தொடர் குறுக்கே நிற்பதால் மேற்குக் கரைக்கு மிச்சம்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் அதிக மழை பருவக்காற்று மாறும் காலத்தில்தான்: ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால இடிமழை.

ஆனால் 2021 டிசம்பரில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் குவாந்தான் பக்கம் கரையேறி, மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 18, எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். சாமி படங்களைத் தூக்கத்தான் நேரம் இருந்தது. அம்மாவோட கல்யாண ஆல்பம் போயிடுச்சு.

இப்போது பொறியியல் படிக்கும்போதுதான் எங்கள் தப்பு புரியுது. மாதச் சராசரியை வைத்து அடுத்த நாள் மழையைச் சொல்ல முடியாது. டிசம்பரில் மெட் மலேசியா எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். பத்திரங்களையும் ஆல்பங்களையும் இன்றைக்கே மேல் தட்டில் வையுங்கள்.