நிருபர்களோடு பழக இதழியல் மாணவர்களுக்குப் பத்துக் குறிப்புகள்

இதழியலின் இலக்கணத்தை வகுப்பறையில் கற்கலாம். செய்தியை மோப்பம் பிடிக்கும் திறமை, களத்தில் இருப்பவரோடு சேர்ந்து அலைந்தால்தான் வரும். இறுதியாண்டு வரை காத்திருக்காமல், முதல் பருவத்திலேயே நிருபர்களோடு பழகத் தொடங்குங்கள்.

1. உள்ளூரிலிருந்து தொடங்குங்கள். சென்னை அண்ணா சாலைப் பத்திரிகை அலுவலகங்களை மட்டுமே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் தாலுகாவிலேயே நாளிதழ்களின் பகுதி நேர நிருபர்கள் இருப்பார்கள். தாலுகா ஆபீஸ், காவல் நிலையம், அரசு மருத்துவமனை எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

2. சந்திக்கும் முன் அவர் எழுதியதைப் படியுங்கள். "உங்கள் செய்திகள் நன்றாக இருக்கின்றன" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "ஏரி ஆக்கிரமிப்புச் செய்திக்கு ஆவணத்தை எப்படி வாங்கினீர்கள், சார்?" என்று கேட்டால் அவர் உட்கார்ந்து விளக்குவார்.

3. நேரம் பார்த்து அழையுங்கள். காலை நாளிதழ் நிருபருக்கு மாலையும் முன்னிரவும் செய்தி அனுப்பும் நேரம். முற்பகலில் குறுஞ்செய்தி அனுப்பி, எப்போது பேசலாம் என்று கேளுங்கள். வார இதழ்க்காரரை, இதழ் முடிக்கும் நாளில் தொந்தரவு செய்யாதீர்கள்.

4. வெறுங்கையோடு போகாதீர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபைக் கூட்டம் நடக்கும். போய் உட்கார்ந்து கவனித்து, 300 சொற்களில் செய்தியாக எழுதுங்கள். அதைக் கொடுத்து, "லீட் (தொடக்க வரிகள்) சரியா?" என்று கேளுங்கள். உங்கள் காப்பியில் அவர் அடித்துத் திருத்தும் ஒவ்வொரு வரியும் ஒரு பாடம்.

5. நிருபர் வழக்கமாகச் செய்தி சேகரிக்கும் பீட்டில் ஒரு நாள் கூட வர அனுமதி கேளுங்கள். நீதிமன்றமோ மாநகராட்சியோ, அவர் யாரிடம் எப்படிக் கேள்வி கேட்கிறார் என்று பாருங்கள். அவருக்குத் தகவல் தருபவரின் பெயரை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது.

6. அலுவலகத்தில் செய்தியைச் செப்பனிடும் டெஸ்க்கை மறக்காதீர்கள். உதவி ஆசிரியர், புகைப்படக்காரர், பக்க வடிவமைப்பாளர் ஆகியோரிடமும் பழகுங்கள். ஒரு செய்தி ஏன் சுருக்கப்பட்டது, ஏன் நிராகரிக்கப்பட்டது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

7. பயிற்சித் திட்டங்களுக்கு விண்ணப்பியுங்கள். விகடன் பல ஆண்டுகளாக மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தை நடத்திவருகிறது. கல்லூரியில் படித்துக்கொண்டே எழுதிப் பழகலாம். அதில் பயிற்சி பெற்ற சீனியர்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

8. துறைத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை: நிருபரை அழைத்துப் பொன்னாடை போர்த்தி, சொற்பொழிவோடு அனுப்பிவிடாதீர்கள். மாணவர்களின் காப்பிகளை முன்கூட்டியே அனுப்பி, வகுப்பில் திருத்தச் சொல்லுங்கள். பகுதி நேர நிருபர்கள் பலருக்கு நிலையான சம்பளம் இல்லை. மதிப்பூதியமும் பயணச் செலவும் கட்டாயம் கொடுங்கள்.

9. பாதுகாப்பில் கவனமாக இருங்கள். கல்லூரிக் கடிதத்தோடு பயிற்சிக்குச் செல்லுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கும் பொருந்தும். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் விவரத்தை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

10. முதல் சந்திப்பிலேயே வேலை கேட்காதீர்கள். உங்கள் தெருவில் குடிநீர் வராதது, பள்ளிக்கு ஆசிரியர் இல்லாதது போன்ற துப்புகளை, சரிபார்த்துச் சொல்லுங்கள். நம்பகமான தகவல் தருபவரை எந்த நிருபரும் மறப்பதில்லை.

பணியில் இருக்கும் பத்திரிகையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்கும் யாரோ ஒரு சீனியர்தான் முதல் காப்பியைத் திருத்திக் கொடுத்திருப்பார். ஆண்டுக்கு ஒரு மாணவரையாவது உங்களோடு களத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.