தேனியின் கம்பங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

கண் மருத்துவமனை ஒன்றின் கணினிப் பிரிவில் உத்தியோகம் ஏற்றிருப்பதாக நீ எழுதியது கண்டு மகிழ்ந்தேன். வந்த மாதமே மென்பொருள் அனைத்தையும் மாற்றிவிட வேண்டுமென்ற உன் உற்சாகத்தைக் குறை கூற மனமில்லை. ஆயினும், அதற்கு முன் ஒருமுறை மதுரை அரவிந்த் மருத்துவமனைக்குச் சென்று வா.

அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்றபின், டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த ஸ்தாபனத்தில், இரண்டு மேஜைகளுக்கு நடுவே அமர்ந்த மருத்துவர் ஒரு கண்ணில் புரை நீக்கி லென்ஸ் பொருத்தி நிமிரும் க்ஷணத்தில், அடுத்த மேஜையில் அடுத்தவர் ஆயத்தமாகக் கிடப்பாரே, அதற்குக் காரணம் யந்திரமன்று; கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள், எதை யார் எப்போது நீட்டுவதென்று கைப்பழக்கமாக்கிக்கொண்ட ஒழுங்குதான்.

யந்திரம் வேண்டாமென்று சொல்பவனல்லன் நான். தேனியில், அரவிந்தின் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களையும் நெடுந்தூர வைஃபையால் இணைக்க, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் துணை நின்றார்கள். மையத்துக்கு வரும் கிழவியை மருத்துவர் திரையிலேயே பார்த்துப் பேசிவிட்டால், அவளுக்குப் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிச்சம். ஆனால், அந்த வைஃபை ஆன்டெனாக் கம்பங்களை நட்டுச் சில வருஷம் பழகிய அந்த ஆய்வாளர்கள் கண்டது, ரேடியோவின் கோளாறைவிட, ஏறி இறங்கிச் சாதனங்களைப் பொசுக்கும் மின்சாரத்தின் கோளாறே பெரிது என்பதுதான். ஆகையால், உங்கள் மையம் ஒன்றிலிருந்து "லிங்க் போச்சு" என்று குரல் வந்தால், முதலில் ஸ்டெபிலைசரையும் பாட்டரியையும் விசாரி. எந்த விளக்கு எரிகிறது, எது அணைந்தது என்று பார்த்துச் சொல்ல அங்குள்ள பெண்ணுக்கு நிதானமாகக் கற்றுக்கொடு.

என் இளவயது அகந்தையையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) பதிவு மேஜைக்கு ஆறு திரைகள் கொண்ட நிரல் எழுதிப் பெருமிதத்தோடு நின்றேன். நாலைந்து நாளில், மேஜைக்காரப் பெண் மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை ஒளித்து வைத்து, வரிசை நகர்வதற்காக அதில் எழுதிக்கொண்டு, மாலையில் கணினியில் ஏற்றுவதைக் கண்டு வெகுண்டேன். பிற்பாடு அந்த நோட்டைப் புரட்டினேன்: பெயர், ஊர், வயது, எந்தக் கண், நான்கே பத்திகள். என் நிரலில் "எந்தக் கண்" என்பது ஐந்தாம் திரையில் இருந்தது.

உன் மையங்களில் பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறதென்று அடுத்த கடிதத்தில் எழுது.

உன் நலம் நாடும்,
அண்ணன்